உம்மா ஓதிய பெயர்

உம்மா அல்லாஹ்விடம் என்ன கேட்கிறார் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அதற்கு ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை அடித்துப் பிரித்த ஓர் அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். பலகைக்கு அந்தப் பக்கத்தில் யாராவது இருமினால்கூட எங்களுக்குக் கேட்கும். தொழுது முடித்துத் தஸ்பீஹ் மணிமாலையைக் கையில் எடுத்துவிட்டால் உம்மாவுக்கு வாய்க்குள் முணுமுணுக்கத் தெரியாது. உள்ளே நினைப்பது வெளியே கேட்கும்படிதான் ஓதுவார்.

எந்தப் பெயரைச் சொல்லி ஓதுகிறாரோ அதிலிருந்து தேவை இன்னதென்று தெரிந்துவிடும். சிற்றப்பாவான சாச்சாவின் கடையில் வியாபாரம் மந்தம் என்றால் ‘யா ரஸ்ஸாக்’, உணவளிப்பவனே. எனக்குக் காய்ச்சல் என்றால் ‘யா ஷாஃபீ’, குணமளிப்பவனே. பரீட்சை, புது வேலை, கல்யாணப் பேச்சு, எது கைகூட வேண்டுமென்றாலும் ‘யா ஃபத்தாஹ்’, திறப்பவனே. அல்லாஹ்வின் திருநாமங்கள் முழுவதையும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக்கி வைத்திருந்தார். தேவையறிந்து, அந்தத் தேவைக்குரிய பெயரால் அவனை அழைக்க வேண்டும் என்பது உம்மாவின் கொள்கை.

உம்மா கேட்டால் கிடைக்கும் என்று தெருவில் ஒரு பேச்சும் இருந்தது. செம்பிலோ கிளாஸிலோ தண்ணீர் கொண்டுவந்து, உம்மாவை ஓதி ஊதச் சொல்லி வாங்கிப் போவார்கள். கீழ்வீட்டு நகைத்தொழிலாளியின் மனைவி நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பார். அவரே தம்முடைய மகன் பரீட்சைக்குப் போகும் காலையில் எங்கள் படியேறி வந்து, “ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா” என்று கிளாஸை நீட்டுவார். அந்தப் பையன் பாஸும் ஆகிவிடுவான். அவன் ராப்பகலாகப் படித்ததை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் உம்மாவின் துஆ பலிக்கும் என்று நானும்தான் நம்பினேன். அதனால்தான் நான் சொல்லப்போகிற அந்த வாரம் எனக்கு அப்படியொரு பயமாக இருந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிப் பரீட்சை முடித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வேலைக்குப் பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள் என்று தெரிந்து எழுதிப்போட்டேன். நர்ஸை அன்றைக்கு மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். நேர்முகத்துக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. எங்கள் சொந்தத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. அதிலும் மிஸ்ஸி வேலை என்றால் முழங்கால் தெரிய கவுன், ஆண் நோயாளிகள், இரவு வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிக் காலம் முழுவதும் அங்கேயே ஹாஸ்டலில் தங்க வேண்டும். ஓய்வு நாளில்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

வாப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய தம்பி, என் சாச்சாதான் எங்களுக்கு வாடகை கட்டி அரிசி பருப்பு அனுப்பிக்கொண்டிருந்தார். தடுப்பவர் என்றால் அவர்தான் தடுப்பார் என்று வரிந்துகட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் பல்லாக்கில் வைக்காத குறையாக, “நல்ல ஜோப்லா. கவர்மெண்ட் ஜோப்பு. தைரியமாப் போ” என்றுவிட்டார். சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், “ஒன் இஷ்டம்” என்றார். எங்கள் வீடுகளில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் தெரியாதவள்போல் நடந்துகொண்டேன்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு துணி மடித்துக்கொண்டிருந்தேன். உம்மா தொழுகைப் பாயான முசல்லாவில் உட்கார்ந்து மணியை உருட்டிக்கொண்டிருந்தார். ‘யா ஃபத்தாஹ்’ வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த எனக்கு வேறொன்று கேட்டது.

“யா மானிஉ… யா மானிஉ… யா மானிஉ…”

தடுப்பவனே.

கையில் இருந்த பாவாடையை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். அந்தப் பெயரை உம்மா அடிக்கடி எடுக்க மாட்டார். நாங்கள் இருந்த அறையைக் காலிசெய்யச் சொல்லி வீட்டுக்காரர் ஆள் அனுப்பிய சமயத்தில் ஓதினார். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. சாச்சாவின் மூத்த பையன் கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்று குதித்தபோது சாச்சி வந்து அழுததற்காக ஓதினார். பையன் அம்மை போட்டுப் படுத்தான், கப்பல் போய்விட்டது. இப்போது எதைத் தடுக்கச் சொல்கிறார் என்று நான் யோசிக்கவே தேவையில்லை. அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் நடக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

பெற்ற தாய், நான் தோற்க வேண்டும் என்று துஆ கேட்கிறார். அதுவும் கேட்டால் கிடைக்கிற தாய்.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். கோபம் வந்தால் எனக்கு நாக்கு நீளுமே தவிர நேர்மையான கேள்வி வராது. அன்றைக்கு நாக்கும் வரவில்லை. முகம் கைகால் கழுவி உளூச் செய்து, என் முசல்லாவை எடுத்து, உம்மாவுக்குப் பக்கத்திலேயே விரித்தேன். அவர் ஓதியதைவிடக் கொஞ்சம் உரக்க ஆரம்பித்தேன்.

“யா ஃபத்தாஹ்… யா ஃபத்தாஹ்…”

உம்மாவின் கை ஒரு மணியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மணி மறுபடி உருண்டது. இந்தத் தடவை அவர் குரலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

அப்படித் தொடங்கியது. விடியற்காலை சுபுஹுக்குப் பிறகு அவர் ஒருபுறம், நான் ஒருபுறம். அஸருக்குப் பிறகு அதே. அந்தி மஃரிபுக்குப் பிறகும் அதே. அவர் தடுப்பவனை அழைப்பார், நான் திறப்பவனை அழைப்பேன். யார் முதலில் எழுந்திருப்பது என்பதில் இருவருக்கும் பிடிவாதம். சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தும் ஒருநாள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கத்தில் குடியிருந்த ஓர் அம்மா என்னைப் படியில் பார்த்து, “ஒங்க வீட்டுல இருந்து சத்தம் கேட்டாலே மனசு குளுந்துபோவுதும்மா, தாயும் மகளும் இப்படி ஒத்துமையா ஓதுறது எங்க கெடைக்கும்” என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று இறங்கி ஓடிவிட்டேன்.

எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைப்பார், நான் சாப்பிட்டுக் கழுவி வைப்பேன். நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று படிக்க உட்கார்ந்தால் எழுத்து கண்ணில் நிற்காது. உம்மாவின் மணிச்சத்தம்தான் கேட்கும். தொண்டை கட்டுகிறது என்றால் ‘ஆரம்பித்துவிட்டது’ என்று தோன்றும். படியில் கால் இடறினால் ‘இதுதான்’ என்று தோன்றும். மழை பலமாகப் பெய்தால் பஸ் ஓடாமல் போகுமோ என்று வானத்தைப் பார்ப்பேன். பயந்துகொண்டே நடமாடினேன். வாழ்க்கையில் அவ்வளவு ஓதியதும் இல்லை, அவ்வளவு பயந்ததும் இல்லை.

நேர்முகத்துக்கு முந்தின நாள் மஃரிப் தொழுது முடித்ததும் உம்மா மணியை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“போதும் உம்மா. நீங்க என்ன கேக்குறீங்கண்டு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

“நா தோத்துப் போவணுமா?”

“தோக்கணும்ண்டு கேக்கல. நீ போவக்கூடாதுண்டு கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே!”

“ஒனக்கு ஒண்ணு. எனக்கு வேற.”

ஒளிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. நான் எதிர்பார்த்தது அழுகையும் மறுப்பும். அந்த நிதானம் என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

“கவுன் போடுறேண்டு சொந்தக்காரங்க பேசுவாங்க, அதானே ஒங்களுக்கு? பேசட்டும். அவங்களா சோறு போடுறாங்க?”

உம்மா மணியை மடியில் வைத்தார்.

“கவுனு கெடக்கட்டும். நீ ஹாஸ்டலுக்குப் போனா இந்த ரூமுக்கு ஒங்க சாச்சா எதுக்கு வாடக கட்டப் போறாரு? ஒத்தப் பொம்பளைக்கு ரூமு எதுக்குண்டு அவரோட குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வரச் சொல்லிட்டாரு. அங்க ஹால்ல பாய் போட்டுப் படுக்கணும். ஒங்க சாச்சி அடுப்படில அவ சொன்ன வேலைய நின்னு செய்யணும். இத்தன வருஷம் இந்த அடுப்புல நா என்ன ஆக்கணும்ண்டு என்னைய யாரும் கேட்டதில்ல புள்ள.”

சாச்சா ஏன் அவ்வளவு சுலபமாக ‘தைரியமாப் போ’ என்றார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இத ஏன் என்கிட்ட சொல்லல?”

“நா எதுக்கு ஒங்கிட்ட சொல்லணும்? நா அல்லாட்ட கேட்டேன். ஒங்கிட்ட கேட்டேனா? பெத்த புள்ளகிட்ட கையேந்த மாட்டேன்.”

கோபம் போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது, அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது. ஆனால் ‘நான் போகவில்லை’ என்று மட்டும் என் வாயில் வரவில்லை. வரப்போவதும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. உம்மாவுக்கும் தெரிந்திருக்கும். மணியை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையும் நீளப் பாவாடையும் உடுத்தி, தாவணியைத் தலையில் சரிசெய்துகொண்டு கிளம்பினேன். வாசற்படியில் உம்மா ஒரு கிளாஸ் தண்ணீரோடு நின்றார்.

பரீட்சைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் அவர் ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறேன். இன்றைக்கு அதில் எந்தப் பெயர் இருக்கிறது?

“என்ன ஓதுனீங்க?”

“குடி.”

“சொல்லுங்க உம்மா.”

“பஸ்ஸு போயிரும். குடி.”

கிளாஸை வாங்கிக்கொண்டு நின்றேன். குடிக்கப் பயம். குடிக்காமல் வைத்துவிட்டுப் போக முடியாது. அல்லாஹ்வின் பெயர் ஓதிய தண்ணீரை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? கீழே ஊற்றவும் கூடாது, காலில் மிதிபடும். செடியின் வேரில் ஊற்றலாம் என்பார்கள், அந்த மாடியில் செடிக்கு எங்கே போவது? எங்களைப் போன்றவர்கள் மட்டுமே மாட்டிக்கொள்ளக்கூடிய பொறி அது. உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். கடைசி வாய் இறங்கும்வரை அவர் பார்வையை எடுக்கவில்லை. காலி கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ‘யா ஃபத்தாஹ்’ என்று ஆரம்பித்தேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை. அந்த நேரத்தில் உம்மாவும் முசல்லாவில் இருப்பார் என்று நினைத்தேன். அவர் அழைப்பதும் அவனைத்தான், நான் அழைப்பதும் அவனைத்தான். அவனுடைய ஒரு பெயரை எடுத்து இன்னொரு பெயரோடு சண்டைக்கு விட்டுக்கொண்டு, இரண்டு தனித்தனி கோர்ட்டில் வழக்குப் போட்டவர்கள் மாதிரி நாங்கள் இருவரும் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தும், வேலை கிடைக்க வேண்டும் என்கிற ஆசை ஒரு துளிகூடக் குறையவில்லை. பெயர் எதையும் சொல்லாமல், “உனக்கே தெரியும்” என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீண்ட பெஞ்சு. சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், யூரேசியப் பெண்கள் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தமிழ் முகம் வேறு இல்லை. உள்ளே போன ஒருத்தி உடனே வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்தவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமை மிஸ்ஸியான மேட்ரன், கஞ்சி போட்ட தொப்பி, நரைத்த புருவம். மற்ற இரண்டு பேரும் கணக்கும் சுகாதாரமும் கேட்டார்கள். தட்டுத்தடுமாறாமல் பதில் சொன்னேன். அதுவரை பேசாமல் இருந்த மேட்ரன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ ஹாஸ்டலில் தங்க உன் அம்மாவுக்குச் சம்மதமா?”

நான் ‘ஆமாம்’ என்று சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த பதில் அது. மேட்ரன் விடவில்லை. உன்னைப் போன்ற பெண்கள் வருகிறார்கள், ஒரு மாதத்தில் அம்மா வந்து கேட்டில் நின்று அழுகிறார், பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள், வேறொருத்திக்குக் கொடுத்திருக்கக்கூடிய இடம் வீணாகிறது என்றார். “அதனால்தான் கேட்கிறேன். சம்மதமா?”

உண்மையைச் சொன்னால் அங்கேயே முடிந்தது. பொய் சொல்வதும் எனக்குப் புதிதில்லை, பள்ளிக்கூடத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் காலையில் குடித்த தண்ணீர் இன்னும் தொண்டையிலேயே நிற்பதுபோல் இருந்தது. அதற்குமேல் ஒரு பொய்யை எடுத்து வெளியே விட முடியவில்லை.

“இல்லை” என்றேன். “அம்மாவுக்குச் சம்மதமில்லை. எனக்கு இது கிடைக்கக்கூடாது என்று இந்த நிமிடம் தொழுகைப் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். முடிந்தது, உம்மா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“உன் அம்மா இங்கே வந்து அழுதால்?” மேட்ரன் கேட்டார்.

“வர மாட்டார். பெற்ற பிள்ளையிடம் கையேந்த மாட்டேன் என்று நேற்று சொல்லிவிட்டார். வந்தால் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பேன். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். பிறகு பஸ் ஏற்றிவிட்டு வார்டுக்குத் திரும்பி வருவேன்.”

இதைச் சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேட்ரன், போகலாம் என்று தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று இருவரும் அஸர் தொழுதோம், இருவரும் ஓதாமல் எழுந்துவிட்டோம். அவரவர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட களைப்பு. அடுத்து வந்த நாட்களில் தபால்காரர் வரும் நேரம் ஆனால் மட்டும் இருவரும் படிப்பக்கம் பார்ப்போம்.

தேர்வாகிவிட்டேன் என்று தகவல் வந்த அன்று நான்தான் படித்துச் சொன்னேன். உம்மா சிறிது நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “அல்ஹம்துலில்லாஹ்”, எல்லாப் புகழும் இறைவனுக்கே, என்றார். எந்த ஏக்கமும் அந்தக் குரலில் இல்லை, அல்லாஹ் தீர்ப்பு சொன்ன பிறகு மேல்முறையீடு செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மாலையில் நெய்ச்சோறு ஆக்கி, சாச்சா வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். என் சட்டைகளுக்கு அறுந்த பொத்தான்களைத் தைத்தார். நான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் நமக்கு வசதியானதைத்தானே நினைப்போம்.

ஹாஸ்டலுக்குப் போகும் நாள். சாச்சா கீழே டாக்ஸியோடு நின்று ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கே உம்மாவின் சாமான்களையும் குவீன்ஸ்டவுனுக்கு ஏற்றுவதாக ஏற்பாடு. அறை வெறுமையாக இருந்தது. அடுப்பைக்கூடத் துடைத்து, யாருக்கோ கொடுப்பதற்காக ஓரத்தில் வைத்திருந்தார். நான் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கினேன்.

உம்மா வந்து பெட்டியின் மேல் கையை வைத்தார். நெருங்கி வந்து, பலகைக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் சொன்னார். அவரால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“போவாதே புள்ள.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போனது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த வேலையில் நரைத்து ஓய்வுபெற்றேன். மறுபடி அந்த வாசலில் நிறுத்தினாலும் போகத்தான் செய்வேன். ஆனால் உம்மா வாழ்நாளில் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். அதையும் அல்லாஹ் இல்லையென்று சொன்ன பிறகுதான், வேறு போக்கிடமில்லாமல் என்னிடம் வந்து கேட்டார்.

“போயிட்டு வர்றேன் உம்மா” என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.